பத்து முப்பத்திரண்டு

அந்தக் கடிதத்தில் மூன்று வாக்கியங்கள்தான் இருந்தன. கடிதம் எழுதியதற்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். எங்கள் பதிவேட்டின்படி அன்றைய தினம் பயணி வரவில்லை.

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், இது கணினியில் அச்சானது, கையெழுத்து தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அடுப்படியில் நின்று படித்தேன். இடுப்பில் பாப்பா. கையில் பிடித்திருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

பயணி வரவில்லையாம். ஒன்றரை வயதுக் குழந்தையும் இரண்டு பெட்டிகளும், வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்களுமாகத் திண்டுக்கல்லிலிருந்து சென்னை வரை போய், விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே காலை ஏழு மணிக்கே நின்றவள் நான்.

என் கணவர் அப்போது வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். பாப்பா பிறந்து நாற்பதாம் நாள் கிளம்பிப் போனவர். அவள் அவரைப் பார்த்ததெல்லாம் புகைப்படத்தில்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவர் பேசுவார். ரிசீவரை அவள் காதில் வைப்பேன். அதனால் அவளுக்கு அந்த டெலிபோன்தான் அப்பா. கடையில் சிவப்பு டெலிபோனைப் பார்த்தாலும் 'அப்பா' என்று கை நீட்டுவாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

அவர் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு எங்களுக்குக் குடும்ப விசா வாங்கினார். அதற்குக் கடைசித் தேதி ஒன்று உண்டு. எங்களுக்குச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி விமானத்தில் சீட்டு. விசாவின் கடைசி நாள் அடுத்த செவ்வாய். அதற்குள் அந்த ஊரில் கால் வைத்தாக வேண்டும்.

என் மாமனாரைப் பற்றிச் சொன்னால்தான் அன்று நடந்தது புரியும். திண்டுக்கல் பஸ் நிலையத்தில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதி, நேரம் ஆனதும் விசில் ஊதி வெளியே அனுப்புவது அவர் வேலை. ஒட்டன்சத்திரம் பஸ்ஸுக்கும் கரூர் பஸ்ஸுக்கும் இரண்டு நிமிடத் தகராறில் டிரைவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்போது நடுவில் நின்று நோட்டை விரித்துக் காட்டுவாராம். ஓய்வு பெற்ற பிறகும் கைக்கடிகாரத்தை இரண்டு நிமிடம்கூட முன்பின் ஓட விடாத மனிதர். அப்படிப்பட்டவர் ராகு காலம் பார்ப்பார். நல்ல காரியத்துக்குப் போகிறபோது ராகு காலத்தில் வாசலைத் தாண்ட மாட்டார். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை வரை.

ஏழு மணிக்கே உள்ளே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏழு மணிக்குப் பாப்பா வேனில் வாந்தி எடுத்திருந்தாள். அவளைக் கழுவி, உடுப்பு மாற்றி, பால் புகட்டினோம். என் அம்மா அழுது முடித்தாள். அத்தை, என் மாமியார், பெட்டியில் வைத்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து பார்த்து மறுபடி கட்டினார். ஒன்பது அடித்துவிட்டது. மாமா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பெட்டி வண்டியைத் தூண் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

"மாமா, உள்ள போயிருவமா?" என்றேன்.

"செத்த நேரம் பொறு தாயி. கவுன்டர் எம்புட்டு மணிக்கு மூடுறான்னு சீட்டுல போட்டிருக்கு?"

"பதினொன்றரை மாமா. ஆனா ஒன்பதரைக்கே வரச் சொல்லியிருக்கு."

"வரச் சொல்ற நேரம் வேற, மூடுற நேரம் வேற. பத்தரை தாண்டவும் உள்ள போனாலும் ஒரு மணி நேரம் கையில இருக்கு. மொத மொதல்ல கடல் தாண்டிப் போற புள்ள. இதுல என்ன அவசரம்?"

நான் பட்டப் படிப்பு படித்தவள். ராகு காலத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமனாரை எதிர்த்துப் பேச வேண்டாம் என்ற மரியாதைதான் காரணம் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. விமானம், தெரியாத ஊர், நாற்பது நாள் குழந்தையோடு என்னை விட்டுப் போனபின் நேரில் பார்க்காத கணவர். இன்னும் ஒன்றரை மணி நேரம் அம்மாவின் பக்கத்தில் நிற்கலாம் என்றபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

பத்தரை தாண்டியதும் மாமா ஒரு பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு பெட்டி வண்டியைத் தள்ளியபடி என்னோடு உள்ளே வந்தார். கவுன்டருக்குப் போனபோது பத்தேமுக்கால்கூட ஆகவில்லை.

"கவுன்டர் குளோஸ் ஆயிடுச்சு மேடம்" என்றாள் சீருடைப் பெண். என்னைவிட இளையவள். என் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"பதினொன்றரைக்குத்தானே மூடணும்?"

"லேட்டா வந்திருக்கீங்க மேடம்."

பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டியோடு ஒருவர் நின்றிருந்தார். எங்கள் பக்கத்துக் குஜிலியம்பாறைக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. "ஏம்மா, நான் எட்டு மணியிலருந்து இந்தா இந்த எடத்துல நிக்கிறேன். செத்த இருங்க, செத்த இருங்கன்னாக. இப்ப மூடியாச்சுங்கிறாக. எனக்கே இந்தக் கதின்னா ஒங்களுக்கு என்னத்தச் சொல்ல?" அவர் பின்னால் இன்னும் சிலர் பெட்டிகளோடு நின்றார்கள். அவர் முகவரியை வாங்கி வைக்க எனக்குத் தோன்றவில்லை. அழுத குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். படித்த பெண்ணுக்கு அந்த நேரத்தில் ஒரு பேனா எடுக்கத் தோன்றவில்லையே என்று அதற்கப்புறம் என்னையே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

அடுத்த விமானத்தில் இடம் எட்டு நாள் கழித்துத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் விசா செத்துப்போனது.

வேன் திரும்பி வந்து தெருவில் நின்றபோது எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு கதை பரவியது. புள்ளைக்குப் போகப் பிரியமில்லை, பயந்துகொண்டு கவுன்டருக்குப் போகாமல் நேரம் கடத்தியது என்று. அத்தையின் தங்கை ஒருநாள் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "ஆத்தா வீட்டு முந்தானையப் புடிச்சுக்கிட்டே இருந்தா ஏரோப்ளேன் காத்துக்கிட்டு நிக்குமா?" நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுப் பெரியவரைச் சபையில் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் என்னை வளர்த்திருந்தார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கணவர் பேசினார். குரல் அடங்கியிருந்தது.

"கம்பெனில கேட்டேன். வாங்கிக் குடுத்த விசாவுக்கு ஆளு வரலைன்னா ரெண்டாவது தடவ போட மாட்டாங்களாம். ஏர்லைன்ஸ் தப்புன்னு அவங்ககிட்டருந்தே லெட்டர் வாங்கிட்டு வந்தா பாக்கலாங்கிறாங்க."

"எழுதுறேங்க. இன்னைக்கே எழுதுறேன்."

பிறகு, "நீ நேரத்துக்குப் போயிட்டேல்ல?" என்றார்.

"பதினொன்றரைக்கு மூடணும். பத்தே முக்காலுக்கு முன்னாடியே கவுன்டர்ல நின்னேன்" என்றேன். ஏழு மணியிலிருந்து எங்கே இருந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் முதல் கடிதத்துக்கு வந்த பதில்தான் அந்த மூன்று வாக்கியங்கள். என் கணவரின் கம்பெனிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி: பயணி நேரத்துக்கு வந்தார், நாங்கள் ஏற்றவில்லை. அந்த வரி கிடைத்தால் பாப்பாவுக்கு அப்பா கிடைப்பார். கிடைக்காவிட்டால் டெலிபோன்தான் அப்பா.

இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்தத் தடவை பதிலோடு ஒரு வழவழப்பான கூப்பனும் வந்தது. நல்லெண்ண அடிப்படையில், அடுத்த பயணத்துக்குக் கட்டணத்தில் சலுகையாம். அந்தப் பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. பயணி வரவில்லை.

அத்தைக்குக் கூப்பன் பிடித்துப்போனது. "பெரிய கம்பெனிக்காரன் இம்புட்டு எறங்கி வந்துட்டானே. வாங்கி வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்."

"விசா இல்லாம இத வச்சு என்ன அத்தை பண்ண? வீட்டு மாடியிலருந்து பறக்கவா?"

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று மதியமே கூப்பனை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன். தபால் பெட்டிக்குள் விழுந்த பிறகு, வைத்திருந்தால் என்றைக்காவது உதவியிருக்குமோ என்று வீடு வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று யோசித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்தில் சின்ன வயதில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது.

என் பிறந்த ஊர் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம். அப்பா தக்காளியும் முருங்கையும் போட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டிக்கு அனுப்புவார். அங்கிருந்து லாரியில் கேரளாவுக்குப் போகும். ஒருதடவை மலைப்பாதையில் லாரி இரண்டு நாள் நின்றுவிட்டது. மொத்தத் தக்காளியும் அழுகிப்போனது. மறுநாள் காலை அந்த மண்டி முதலாளி தன் டிவிஎஸ் பிப்டியில் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வரப்புக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு அப்பா முன்னால் வந்து நின்றார்.

"சரக்கு போச்சுங்க. லாரி நான் பேசி விட்டதுங்க. டிரைவரு மேல தப்பில்லீங்க, ரேடியேட்டரு சரியில்லாத வண்டினு எனக்குத் தெரியும். எம்பேருல ஏத்துனது, நானே வந்து சொல்லோணுமுல்லங்க" என்றார்.

காசு விஷயம் அவர்கள் பிறகு என்ன பேசினார்களோ எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னது மட்டும் மனதில் நிற்கிறது. "கணக்குப்பிள்ளைய அனுப்பிருந்தா நான் இன்னைக்கே மண்டிய மாத்திருப்பேன். ஆளே வந்துட்டாரு. என்ன சொல்ல?" கடைசி வரை அப்பா அந்த மண்டியை மாற்றவில்லை.

அதனால்தான் மூன்றாவது கடிதத்தை வாடிக்கையாளர் சேவைப் பிரிவு என்கிற முகமில்லாத இடத்துக்கு எழுதாமல் அந்த விமானக் கம்பெனியின் தலைவருக்கே எழுத நினைத்தேன். அவர் முகவரி கேட்டு மதுரையில் இருந்த அவர்கள் கிளைக்குப் போன் போட்டேன்.

"சேர்மனுக்கா? அவர் இதெல்லாம் பாக்க மாட்டார் மேடம்" என்றது ஒரு குரல். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"எதெல்லாம் பாப்பாரு?"

முகவரி சொன்னார்கள். எழுதினேன். இரண்டு மாதம் வரை ஒன்றும் வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் டிவி செய்தியில், ஏதோ ஒரு வெளிநாட்டு விமானக் கம்பெனித் தலைவரைக் காட்டினார்கள். அவர்கள் விமானத்தில் நடந்த ஏதோ தப்புக்காக, மைக்குகளுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து நின்றார். அத்தை அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இவருதான் ஓட்டுனவரா?"

"இல்ல அத்தை. கம்பெனிக்குத் தலைவரு."

"அவரு ஓட்டல. பின்ன அவரு எதுக்குக் குனியிறாரு?"

"தலைவருன்னா அதுக்குத்தான் அத்தை. சம்பளம் அவருதான கூட வாங்குறாரு."

"நல்லாக் குனிஞ்சாரு. நடுமுதுகு புடிச்சுக்கிட்டா தைலம் தேய்க்க ஆளு வச்சிருப்பாரு" என்றார் அத்தை. நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். செருப்புக்கூடப் போடவில்லை. அது ஏன் என்று தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

தை பிறந்ததும் பழைய தினசரி காலண்டரைக் கழற்றினேன். மளிகைக் கடையில் கொடுத்தது. பின் அட்டையில் தாள்கள் செருக ஒரு பை இருக்கும். மாமா மின்சார ரசீதுகளை அதில்தான் வைப்பார். புதியதில் மாற்றி வைக்கலாம் என்று எல்லாவற்றையும் எடுத்தேன். நடுவிலிருந்து ஒரு சின்னச் சீட்டு தரையில் விழுந்தது. விமான நிலையப் பார்வையாளர் சீட்டு. எந்திரத்தில் குத்திய நேரம் மங்காமல் இருந்தது. அந்தச் சனிக்கிழமைத் தேதி. 10.32.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மாமா கூடத்து வாசலில் நின்றார்.

"இது இருந்துச்சா மாமா?" என்றேன்.

அவர் பார்வை என் கையில் இருந்த சீட்டுக்குப் போனது.

"பத்து முப்பத்திரண்டுக்கு நாம உள்ள போயிட்டோம்னு இதுல இருக்கு. ஒரு வருசமா நான் கெடந்து எழுதுறேன். நீங்க இத ரசீதோட ரசீதா வச்சிருக்கீக."

"வெளிய எடுத்தா எல்லாந்தான தாயி வெளிய வரும்? ஏழு மணிக்கே போனவுக பத்தரை வரைக்கும் எதுக்கு வெளிய நின்னீகன்னு கேப்பான். நாந்தான் நிறுத்துனேன்னு எம்மகனுக்குத் தெரிஞ்சுபோகும். முப்பது வருசம் டைம் கீப்பரு, மருமகளுக்கு டைமத் தப்ப விட்டுட்டான்னு ஊரு சிரிக்கும்."

"இப்ப ஊரு யாரப் பாத்துச் சிரிக்குது?"

அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அத்தை கையில் மாவோடு அடுப்படியிலிருந்து வந்துவிட்டார். ஆனாலும் நான் நிறுத்தவில்லை. "ஒங்க தங்கச்சி என்னய ஆத்தா முந்தானையப் புடிச்சவன்னு சொன்னப்ப நீங்க பேப்பர் படிச்சீக மாமா" என்றேன். சொல்லி முடித்ததும்தான் நான் தடுமாறி அத்தையின் தங்கையை அவர் தங்கை ஆக்கிவிட்டது உறைத்தது. திருத்திக்கொள்ளவும் இல்லை.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். வயதான மனிதரை இப்படிக் கேட்டுவிட்டோமே என்று எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை கூடம் வரை போய்த் திரும்பினேன். கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எல்லாம் பழையபடி மூடிப்போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை போன் அடித்ததும், எப்போதும் நான்தான் எடுப்பேன், அன்று மாமா எடுத்தார். "அப்பு, ஒண்ணு சொல்லணும்டா" என்று மகனிடம் ஆரம்பித்தார். ராகு காலம், தூண் ஓரம், நான் இரண்டு தடவை உள்ளே போகலாமா என்று கேட்டது, எல்லாம் சொன்னார். நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதை நான் திருத்தவில்லை. பிறகு ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, "திங்கக்கெழம மதுரைக்குப் போறோம். அந்த ஆபீசுக்கு" என்றார்.

மதுரைக் கிளை மேலாளர் மரியாதையானவர். கண்ணாடி மேசை, ஏசி, எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பார்வையாளர் சீட்டை மேசையில் வைத்தார்.

"சார், இது உங்க சீட்டு. மேடம் அந்த நேரத்துக்கு உள்ள வந்தாங்கன்னு எப்படி எடுத்துக்க முடியும்?"

"நான் மட்டும் தனியா உள்ள போயி என்ன பண்ணப் போறேன்? தரையில டைல்ஸு எண்ணவா?"

மேலாளர் சிரித்துவிட்டார். "சரி சார். ஆனா ரிப்போர்ட்டிங் டைம் ஒன்பதரை."

"அது வரச் சொன்ன நேரம். மூடுற நேரம் எது?"

"பதினொன்றரை."

"அப்ப நீங்க வண்டிய முன்னாடி எடுத்துட்டீக." மாமாவின் குரல் பஸ் நிலையத்துக் குரலாக மாறியிருந்தது. "நான் முப்பது வருசம் டைம் ஆபீசுல இருந்தவன். லேட்டா எடுத்த டிரைவர வைவோம். முன்னாடி எடுத்தவன வண்டிய விட்டே எறக்கிருவோம். ஏன்னா லேட்டா வர்ற வண்டிக்கு ஆளு காத்துக்கெடப்பான். முன்னாடி போன வண்டிக்கு அவன் என்ன செய்வான்?"

மேலாளர் என்னைப் பார்த்தார். "மேடம், ஏழு மணிக்கே ஏர்போர்ட்ல இருந்தேன்னு லெட்டர்ல எழுதியிருக்கீங்க. பத்து முப்பத்திரண்டு வரைக்கும் எங்க இருந்தீங்க?"

ஒரு வருடமாக நான் பயந்த கேள்வி அதுதான். ஒவ்வொரு கடிதத்திலும் ஏழு மணியை எழுதி, பத்தரையை விட்டுவிட்டு, பொய் எழுதவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்தியிருந்தேன். மாமா வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"வெளியே நின்னோம் சார். ராகு காலம் முடியட்டும்னு நின்னோம். அது எங்க தப்பு. ஒன்பதரைக்கு வரச் சொன்னீங்க, வரல. அத இப்பவே எழுதித் தாரேன், கையெழுத்தும் போடுறேன். பதினொன்றரைக்கு மூட வேண்டியத முன்னாடியே மூடுனீங்களே, அத யாரு எழுதித் தருவாங்க?"

அவர் யாருக்கோ போன் போட்டு அந்தத் தேதியையும் விமான எண்ணையும் சொன்னார். எதையோ குறித்துக்கொண்டார். குறித்த பிறகு அந்தத் தாளைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். மாமா விடவில்லை.

"அன்னைக்கு எத்தன பேரு வரலன்னு போட்டிருக்கீக?"

"அது... ஒன்பது பேர் சார்."

"ஒன்பது பேரும் ராகு காலம் பாத்தாகளா?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் குஜிலியம்பாறைக்காரர் எட்டு மணியிலிருந்து நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். விமானத்தில் இருந்த இடங்களுக்கு மேல் சீட்டு விற்றிருந்தார்கள் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. இடம் நிறைந்ததும் கவுன்டரை மூடி, மிச்சம் நின்றவர்களை எல்லாம் வராதவர்கள் ஆக்கிவிட்டார்கள். மேலாளர் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

"நான் மேலே எழுதுறேன் மேடம். ஆனா ஒண்ணு, இதுல சேர்மனை இழுக்காதீங்க. அவருக்கு ஆயிரம் வேலை."

"ஆயிரத்துல இது ஒண்ணு சார். நான் மறுபடியும் அவருக்குத்தான் எழுதப் போறேன்" என்றேன். என் காது சுட்டது.

அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதினேன். முதல் பத்தியில் எங்கள் தப்பு. ராகு காலம், தூண், என் பயம்கூட எழுதினேன். இரண்டாவது பத்தியில் அவர்கள் தப்பு. ஒன்பது பேர். மூன்றாவதில் ஒட்டன்சத்திரத்து மண்டி முதலாளி எங்கள் வரப்பில் செருப்பைக் கழற்றியதை எழுதி, ஒரு லாரித் தக்காளிக்கு அவர் வந்தார், ஒன்பது மனிதர்களுக்கு நீங்கள் வர வேண்டாமா என்று கேட்டேன். இதை எல்லாம் எழுதலாமா, பெரிய இடத்தில் சிரிப்பார்களோ என்று மூன்று நாள் கடிதத்தைப் பீரோவில் வைத்திருந்தேன். சிரித்தால் சிரிக்கட்டும் என்று நாலாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பங்குனியில் பதில் வந்தது. பயணி கவுன்டர் மூடும் நேரத்துக்கு முன்பே வந்தார், இருக்கைகள் அதிகமாக விற்கப்பட்டதால் அவரை ஏற்ற இயலவில்லை, தவறு எங்களுடையது. நீல மையில் நிஜக் கையெழுத்து. அதற்குக் கீழே 'தலைவருக்காக' என்று போட்டிருந்தது. கணக்குப்பிள்ளை அனுப்பப்பட்டிருந்தார்.

என் கணவரின் கம்பெனிக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. கடிதம் கிடைத்தது, கையெழுத்து உங்களுடையது இல்லை, மற்ற எட்டுப் பேருக்கும் இதே கடிதம் போனதா என்று தெரிவியுங்கள் என்று ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு அட்டை போடுகிறேன். இந்த வருடமும் போட்டேன்.

புது விசா வந்து நாங்கள் கிளம்பியபோது பாப்பாவுக்கு மூன்று வயது. திங்கட்கிழமை. வேன் விமான நிலையத்தில் நின்றபோது மணி ஏழு நாற்பது. அத்தைதான் முதலில் பதறினார்.

"ஏங்க, ஏழரைக்கே ராகு காலம் ஆரம்பிச்சிருச்சுங்க."

மாமா பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். "ஆரம்பிக்கட்டும். நம்ம சீட்டுக்கும் அதுக்கும் என்ன?" என்றவர், நிமிராமலே, "தாயி, நட" என்றார். எனக்குத்தான் கால் தயங்கியது. ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கதவைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தடவை கவுன்டர் திறந்திருந்தது. டிக்கெட்டை வாங்கிக் கிழித்து இருக்கைச் சீட்டுக் கொடுத்தார்கள். மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எல்லாம் நேரப்படி நடக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே போய்க் காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்த பிறகு விமானம் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிப் போனது. அரை மணி, ஒரு மணி. யாரும் எதுவும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற ஆட்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடியே இருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போகிற நேரத்தில் எதற்கு வம்பு, கிடைத்த விமானம் கையை விட்டுப் போய்விட்டால் என்று முதலில் தோன்றியது. அந்த ஒன்பது பேரும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் நின்றிருப்போம் என்று அடுத்துத் தோன்றியது.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து, விமானக் கம்பெனிப் பெண் நின்றிருந்த மேசைக்குப் போனேன்.

"ஏன் லேட்டுன்னு சொல்லுங்க."

"ஆபரேஷனல் ரீசன்ஸ் மேடம். வெயிட் பண்ணுங்க."

"வெயிட் பண்றேன். இங்க இன்னைக்குப் பொறுப்பு யாரு? அவங்கள வந்து எங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க."

"நான் சொல்றேனே மேடம்."

"நீங்க நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கீங்கம்மா, ஒங்க மேல எனக்குக் கோவமில்ல. பொறுப்புல இருக்குறவரு வரட்டும்."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி மேசை மேல் இருந்த டெலிபோனை எடுத்தாள். பாப்பா உடனே கையை நீட்டி, "அம்மா, அப்பாவக் கூப்புடுறாங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். பையை மடியில் வைத்திருந்தவர்களில் நாலைந்து பேர் எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். "நாங்களும் நிக்கிறோம்க்கா, வரட்டும்" என்றார் ஒருவர்.

"அவர் மீட்டிங்ல இருக்காராம் மேடம்" என்றாள் அந்தப் பெண், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு.

"முடிச்சிட்டு வரட்டும்மா" என்றேன். பாப்பாவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினேன். "நாங்க இங்கதான் நிக்கிறோம்."